ராத்திரி ஷிஃப்டில் யார்?

ரசிகனாக இருப்பதற்கும் உழைப்பு வேண்டும். ஒரு நாவலை முடித்ததும் "செம" என்றோ "மொக்கை" என்றோ சொல்லிவிட்டு நகர யாருக்கும் பயிற்சி தேவைப்படாது. அந்த நாவல் எனக்குள் எந்த இடத்தில் வேலை செய்தது, எந்த இடத்தில் கைவிட்டது, ஏன் கைவிட்டது என்று தேடிச் சொல்வதற்கு நிதானமும் பழக்கமும் நேர்மையும் வேண்டும். அறிவியல் புனைகதைகளையும் சூப்பர் ஹீரோ தொடர்களையும் நான் அப்படித்தான் வாசித்தும் பார்த்தும் வருகிறேன்.

பிழைப்புக்கு நான் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் பிரஷர் கேஜையும் ஃப்ளோ மீட்டரையும் கழற்றி மாட்டியே தலை நரைத்தது. வேலை நேரம் போக மிச்சமெல்லாம் கதைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். அந்த வாரம் படித்ததையும் பார்த்ததையும் பேசுவோம். அந்தப் பேச்சில் உருவான ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கற்பனை உலகம் எதுவானாலும் மூன்று கேள்விகளை அதன்முன் வைப்பேன். இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? ராத்திரி ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள்? சண்டை முடிந்தபிறகு யார் கூட்டிப் பெருக்குகிறார்கள்? துறைமுகமும் அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்விகள் தாமாகவே வரும். நல்ல படைப்பு இவற்றைத் தாங்கும். மிக நல்ல படைப்பு இவற்றால் இன்னும் பெரிதாகும்.

அன்றிரவே எழுதிவிடு

முதல் குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். நண்பர்களிடம் பேசுவதற்கு முன், மற்றவர்களின் விமர்சனத்தைப் படிப்பதற்கு முன். ஒரு கேஜை லைனில் மாட்டுமுன் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பூஜ்யத்திலேயே சாய்ந்திருக்கும் முள் பிறகு காட்டும் எந்த அளவையும் நம்ப முடியாது. வாசகனுக்கும் அதே பாடம்தான். ஊரே கொண்டாடுகிறது என்று தெரிந்தபின் எனக்கு வரும் சிலிர்ப்பு என்னுடையதா, ஊருடையதா என்று பிரிக்க வழியில்லை.

அந்தக் குறிப்பில் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்வேன். ஒன்றில் எனக்குப் பிடிக்காதவை. மற்றொன்றில் நான் நம்பாதவை. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. ஒரு பாத்திரம் எனக்குப் பிடிக்காமல் போகலாம். அது என் சுபாவம், ஆசிரியருக்கு அதில் பொறுப்பில்லை. ஆனால் தன் உலகத்துக்கு ஆசிரியரே போட்ட விதியை அவரே மீறினால், அங்கே என் நம்பிக்கை அறுகிறது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

மூன்றாவது பழக்கம் மறுவாசிப்பு. சில வருடங்கள் இடைவெளி விட்டுப் படிக்கும்போது புத்தகம் அப்படியே இருக்கும், படிக்கிறவன் மாறியிருப்பான். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய 'டியூன்' நாவலை இளவயதில் படித்தபோது என்னை ஆட்கொண்டது மணற்புழு. அப்போதைய குறிப்பு முழுக்க அதுதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்க, லாரி எப்போது வருமென்று ஆளாளுக்குத் தூக்கம் கெட்டுக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மறுபடி 'டியூன்' படித்தபோது மணற்புழு பின்னால் போய்விட்டது. பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கார், அந்தப் பாலைவனக் கிரகத்தை ஆள வந்த பிரபுவின் மேசைமேல் துப்பும் காட்சி முன்னால் வந்து நின்றது. பிரபுவின் ஆட்கள் அவமானம் என்று கொதிக்கிறார்கள். அந்தக் கிரகத்தில் உடம்பின் ஈரத்தைக் கொடுப்பது உயர்ந்த மரியாதை என்று ஒருவர் விளக்குகிறார். தண்ணீர் இல்லாத இடத்தில் மரியாதையின் வடிவமே மாறும் என்பதை ஹெர்பர்ட் ஒரே செய்கையில் காட்டிவிட்டார். இப்போது மாடியில் 'டியூன்' பேச்சு வந்தால், மீஞ்சூர்த் திட்டம் என்ற பெயரில் 2010-லிருந்து காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பற்றியும் பேசுவோம். குழாயில் வரும் தண்ணீருக்குப் பின்னால் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று பிள்ளைகள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாயாவிக்கு மின்சாரம் வேண்டும்

எங்கள் தலைமுறையின் முதல் சூப்பர் ஹீரோ தொலைக்காட்சியில் வரவில்லை. சிவகாசியிலிருந்து வந்தார். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. மூலம் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் தொடங்கிய படக்கதை. தொடக்ககாலக் கதைகளை எழுதிய கென் பல்மர் அறிவியல் புனைகதை நாவலாசிரியர். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டு ஓவியர். ராயபுரம், தண்டையார்பேட்டை வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, கைமாறிக் கைமாறி அந்த இதழ்கள் எங்களிடம் வந்தன. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் விடுபட்ட இதழ் கிடைக்கும். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தக் கடைக்காரர்களில் பலர் பின்னர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நாங்களும் அவர்கள் பின்னாலேயே போனோம்.

மாயாவியின் கதை எளிமையானது. லூயி கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் ஒரு கை போய், எஃகுக் கை பொருத்தப்படுகிறது. இன்னொரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கிறது. அதன்பின் மறைய வேண்டுமென்றால் அவர் மின்சாரத்தைத் தொட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சக்தி தீர்ந்து உடம்பு மறுபடி தெரியத் தொடங்கும்.

இந்த விதியின் அழகை நான் முழுதாக உணர்ந்தது வேலைக்குப் போன பிறகுதான். மாயாவியின் சக்தி வானத்திலிருந்து இறங்கவில்லை. சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்தும் தெருக்கம்பியிலிருந்தும் வருகிறது. அந்தக் கம்பிக்குப் பின்னால் பாய்லர் இருக்கிறது, நிலக்கரி இருக்கிறது, அதைத் தள்ளிவிடும் ஆள் இருக்கிறார். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1970-ல். மாயாவி தமிழ் பேசியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் சாம்பல் படியும் ஊரில், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் போனால் மாயாவி என்ன செய்வார் என்று நாங்கள் கவலைப்பட்டிருக்கிறோம். கதாசிரியர் போட்ட விதி எங்கள் வாழ்க்கைக்குள் நுழைந்து வேலை செய்தது. ஒரு கற்பனை வெற்றி பெற்றதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்.

மாடியில் ஒருநாள் மாயாவி பழைய இதழைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் கேட்டான்: "ஏன்ணா, அவரு மறையும்போது சட்டையும் சேந்தா மறையுது?"

அற்புதமான கேள்வி. அன்றைக்கு எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதில் கிரிஃபின் என்ற விஞ்ஞானி மறைகிறான். அவன் உடை மறையாது. ஆகவே யார் கண்ணிலும் படாமல் நடக்க வேண்டுமானால் லண்டன் குளிரில் வெறும் உடம்போடு நடக்க வேண்டும். சாப்பிட்டால் செரிக்கும்வரை வயிற்றில் இருக்கும் உணவு வெளியே தெரியும். நாய்கள் மோப்பம் பிடித்துவிடும். தெருச் சேற்றில் கால் தடம் பதியும். வெல்ஸ் தன் நாயகனுக்கு ஒரு வரம் கொடுத்துவிட்டு, அதற்கான விலையை ஒவ்வொரு பக்கத்திலும் வசூலிக்கிறார். வாசகன் அந்த மனிதனை நம்புவது அந்த விலையால்தான். சிறுவனின் கேள்விக்குப் பிறகு மாயாவி எங்களுக்குச் சின்னவராகிவிடவில்லை. இரண்டு படைப்புகளும் இரண்டு இடத்தில் விலை வாங்குகின்றன என்பது புரிந்தது. ஒன்று மின்சாரத்தில், மற்றொன்று குளிரில்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் முகேஷ் கன்னாவின் 'சக்திமான்' தொடங்கியபோது இந்தி தெரியாத பிள்ளைகளும் எங்கள் தெருவில் டிவி இருக்கும் வீட்டு வாசலில் அடைந்து கிடந்தார்கள். கையை உயர்த்திச் சுற்றுவது அவர்களுக்குத் தினசரி உடற்பயிற்சியே ஆனது. சக்திமானின் சக்தி தவத்திலும் யோகத்திலும் இருந்து வந்தது. தன் மண்ணில் நம்பிக்கைகளாக இருந்தவற்றிலிருந்து ஒரு சூப்பர் ஹீரோவைக் கட்டலாம் என்று அந்தத் தொடர் காட்டியது. அத்தியாயத்தின் இறுதியில் பிள்ளைகளிடம் நேராகப் பேசி, பல் தேய்ப்பதிலிருந்து சாலை கடப்பதுவரை சின்னச் சின்ன ஒழுக்கங்களைச் சொல்லும் வழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். குழந்தைகளைப் பார்வையாளர்களாக ஏற்றுக்கொண்டவர், அவர்களுக்குத் தான் பொறுப்பு என்றும் ஏற்றுக்கொண்டார்.

பொறியாளரின் பேனா

தமிழில் அறிவியல் புனைகதை என்றால் சுஜாதாவிடம் போகாமல் பேச முடியாது. அவர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. இயந்திரத்தோடு பழகியவரின் கை அவர் வரிகளில் தெரியும். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2021-ஆம் ஆண்டில் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாடு. பெயர்கள் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது, கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வந்த ரவி என்பவனுடன் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வருகிறது.

உண்மையான 2021 வந்தபோது அந்த நாவலை மறுபடி படித்தேன். சுஜாதா சொன்ன கருவிகளில் எவை வந்தன, எவை வரவில்லை என்று டிக் அடிப்பது பலருக்கும் விருப்பமான வேலை. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. என்னைப் பிடித்தது ஜீனோவின் வளர்ச்சி. விளையாட்டுப் பொருளாக உள்ளே வந்த ஒரு இயந்திரம் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கக் கேள்வி கேட்கிறது. கேள்வி கேட்கக் கேட்க, சுற்றியிருக்கும் மனிதர்களைவிட அதிக மனிதத்தன்மை அதற்கு வருகிறது. வாசிப்பால் ஒரு உயிர் உருவாகும் என்று ஒரு வெகுஜன வாரத்தொடரில் எழுதியவர் மேல் எனக்குத் தீராத நன்றி. எங்கள் மாடிக்கு வரும் பிள்ளைகளில் புத்தகமே கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் ஜீனோவைத்தான் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ராத்திரி ஷிஃப்டில் யார் என்ற என் இரண்டாவது கேள்வியையும் அந்த நாவலிடம் கேட்டேன். ஜீவாவின் மாபெரும் திரைகளும் வாகனங்களும் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றை ஓடவைக்கும் ஆட்கள் எங்கே? கதையின் கண் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. ஒரு சர்வாதிகாரம் எப்படி நிற்கிறது என்பதற்கு, கண்ட்ரோல் ரூமில் பேனலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆளின் மனசு மிக முக்கியமான சாட்சி. அந்த இருக்கை இந்த நாவலில் காலி. அதைச் சுட்டிக்காட்டுவதால் சுஜாதா மேலிருக்கும் அன்பு குறையவில்லை. அவருக்குப் பின் வருகிறவருக்கு ஒரு இடம் மிச்சமிருக்கிறது என்ற சந்தோஷம்தான் வருகிறது.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் போனார். 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தவர் அவர். 1979-ல் வந்த அவரது 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' இலங்கையை மாதிரியாக வைத்த தப்ரபேன் என்ற தீவில், மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியைக் கட்டுவதைப் பற்றியது. பொறியியல் கனவாக அதற்கு இணை குறைவு. கயிற்றின் வலிமை, எடை, காற்று எல்லாவற்றுக்கும் கிளார்க் கணக்குக் கொடுக்கிறார். ஆனால் மலையுச்சியில் ஒரு மடம் இருக்கிறது. துறவிகள் இடத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு பழைய தீர்க்கதரிசனம் பலித்ததும் அவர்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள். என் "நம்பாதவை" பத்தியில் அது இடம்பெற்றது. காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது ஒரு மீனவக் குப்பமே இடம் மாறியது. நிலத்தை விட்டுப் போகிறவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கே, வலை காயவைக்க இடம் எங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே என்ற கேள்விகள் உண்டு. விண்வெளிக் கயிற்றுக்குக் கணக்கு எழுதிய கிளார்க்கின் பேனாவிடம் இதற்கும் ஒரு அத்தியாயம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பனிக்கட்டி ஏற்றும் கப்பல்

அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் பிறகு வந்தார்கள். டேனியல் ஏபிரகாம், டை ஃபிராங்க் இருவரும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரே என்ற ஒரே பெயரில் 2011-ல் வெளியிட்ட 'லெவியதன் வேக்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்தில் நமக்குக் கிடைப்பது 'கான்டர்பரி' என்ற பழைய சரக்குக் கப்பல். சனிக் கிரகத்தின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி வெட்டி சீரஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. மாலுமிகள், மெக்கானிக், இன்ஜினியர், ஓவர்டைம், போனஸ், சீனியரிட்டி. வாசித்த இரவில் என் குறிப்பில் எழுதினேன்: "இந்தக் கப்பலில் எனக்கு வேலை கிடைக்கும்."

சீரஸ் ஒரு துறைமுகம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பெல்ட்டர்கள். குறைந்த ஈர்ப்பில் வளர்ந்ததால் எலும்பு நீண்டு, உடம்பு மெலிந்து, பூமிக்குப் போனால் நிற்கவே திணறுவார்கள். பூமியும் செவ்வாயும் வாழ அவர்கள் தாது வெட்டுகிறார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் மூச்சு விடும் காற்றும் வெளியிலிருந்து வர வேண்டும். அவற்றின் விலையை வேறு யாரோ நிர்ணயிக்கிறார்கள். பல நாட்டு மொழிகள் கலந்து அவர்களுக்கென்று ஒரு பேச்சு உருவாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி பேசப் பழகியதால் கையசைவே மொழியில் பாதி. இரைச்சலான மெஷின் ஷெட்டில் வேலை செய்த எவரும் இதைப் படித்துப் புன்னகைப்பார். அங்கே நாங்களும் கையால்தான் பேசுகிறோம்.

கோரே தங்கள் உலகத்துக்குப் போட்ட முக்கிய விதி ஒன்று: கப்பலுக்குள் மாயமான ஈர்ப்பு கிடையாது. இன்ஜின் ஓடினால் கால் தரையில் நிற்கும். இன்ஜின் நின்றால் எல்லாம் மிதக்கும். வேகமாக முடுக்கினால் உடம்பு நசுங்கும். அதைத் தாங்க நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒன்பது நாவல்கள் வழியாக இந்த விதி நிற்கிறது. 2015-ல் 'தி எக்ஸ்பான்ஸ்' என்று தொலைக்காட்சித் தொடரானபோதும் நின்றது. சண்டைக் காட்சிகளில் எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் இந்த விதியிலிருந்து பிறந்தவை. இழுப்பறையிலிருந்து விடுபட்ட ஒரு ஸ்பேனர் கப்பல் திரும்பும்போது உயிரை எடுக்கும் ஆயுதமாகும் என்ற பயம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. டூல்ஸை அதனதன் இடத்தில் வைக்கச் சொல்லி ஃபோர்மேன் ஏன் கத்துகிறார் என்று புதுப் பையன்களுக்குப் புரியவைக்க நான் இந்தத் தொடரைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ரசிகர்களின் உழைப்பு என்ன செய்யும் என்பதற்கும் இந்தத் தொடர் சாட்சி. மூன்று சீசனோடு 2018-ல் அதை நிறுத்தினார்கள். ரசிகர்கள் பணம் திரட்டி, அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பதாகை கட்டிய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். கோரிக்கை மனுக்கள் குவிந்தன. அமேசான் அதை எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று சீசன் கொடுத்தது. ஒரு கதையைக் காப்பாற்ற ஊர் கூடியது என்பதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

எங்கள் பேட்டையில் ஒரு டேர்டெவில்

சூப்பர் ஹீரோ தொடர்களில் என் மனசுக்கு மிக அருகில் இருப்பது 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டேர்டெவில்'. 1964-ல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் காமிக்ஸில் படைத்த பாத்திரம். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் என்ற பேட்டை. மேட் மர்டாக்கின் அப்பா பாக்ஸர். ரசாயனம் ஏற்றிவந்த லாரியின் முன்னாலிருந்து ஒரு பெரியவரைத் தள்ளிக் காப்பாற்றும்போது சிறுவன் மேட்டின் கண்ணில் ரசாயனம் பட்டுப் பார்வை போகிறது. மற்றப் புலன்கள் கூர்மையாகின்றன. வளர்ந்து பகலில் வக்கீல், இரவில் முகமூடி.

பாக்ஸர் அப்பாவும் ரசாயன லாரியும் வடசென்னைக்காரனுக்கு விளக்க வேண்டியவையா? சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த ஊர் இது. பா. ரஞ்சித் 2021-ல் படமாக எடுத்ததற்கு முன்பே அந்தப் பெயர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் புழங்கின. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவே சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். மேட் மர்டாக் எங்களுக்குத் தூரத்து ஆள் இல்லை.

இந்தத் தொடரின் கைவினையில் மூன்று விஷயங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். முதலாவது களைப்பு. முதல் சீசனின் இரண்டாம் அத்தியாயத்தில் நீண்ட நடைபாதையில் ஒரு சண்டை. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகத் தோன்றும்படி எடுத்திருக்கிறார்கள். கடத்தப்பட்ட ஒரு சிறுவனை மீட்க மேட் உள்ளே போகிறான். ஏற்கெனவே காயம். அடிக்கிறான், விழுகிறான், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். எதிரிகளுக்கும் மூச்சு வாங்குகிறது. டபுள் ஷிஃப்ட் முடித்த உடம்பு எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்கள் அமைத்த சண்டை அது. வெல்ஸ் வசூலித்த அதே விலையை இவர்கள் தசையில் வசூலிக்கிறார்கள்.

இரண்டாவது, தையல் போடுகிறவர். மேட் கிழிந்து வரும்போதெல்லாம் கிளேர் டெம்பிள் என்ற நர்ஸ் தைக்கிறார். அவருக்கு வேலை இருக்கிறது, பயம் இருக்கிறது, இவனோடு சேர்ந்தால் தனக்கு என்ன ஆகும் என்ற கணக்கு இருக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் யார் என்ற என் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்ன சூப்பர் ஹீரோ தொடர் குறைவு.

மூன்றாவது, வில்லன் விரும்புவது நிலம். வில்சன் ஃபிஸ்க் உலகத்தை அழிக்க வரவில்லை. பேட்டையை "மேம்படுத்த" வருகிறான். வானத்திலிருந்து வந்தவர்களோடு அவெஞ்சர்கள் என்ற சூப்பர் ஹீரோ அணி போட்ட சண்டையில் நகரம் இடிந்துகிடக்கிறது. அதைத் திரும்பக் கட்டும் காண்ட்ராக்டில்தான் பணமும் அதிகாரமும் இருக்கின்றன. பழைய குடியிருப்பில் வாழும் திருமதி கார்டெனாஸ் என்ற முதியவளின் வீட்டில், ரிப்பேர் செய்ய வந்தவர்கள் போல நுழைந்து குழாய்களையும் சுவரையும் உடைத்துவிட்டுப் போகிறார்கள், அவளாகவே காலி செய்துவிட்டுப் போகட்டும் என்று. அவள் போக மறுக்கிறாள். வீடு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள் அந்த அத்தியாயத்தில் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "அந்தப் பாட்டிக்கு எந்த பவரும் இல்ல. ஆனா அவங்கதான் முதல்ல எதுத்து நின்னாங்க." என் குறிப்பேட்டில் அன்றைக்கு நான் எழுதியதைவிட அது பெரிய விமர்சனம்.

வாளியும் கண்ணும்

யார் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு எங்கள் கடற்கரையே பாடம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கொட்டி, கரையெங்கும் கருப்புக் கூழாக ஒதுங்கியது. நவீனத் துறைமுகம், ராட்சதக் கப்பல்கள். ஆனால் அந்தக் கூழை அள்ளியவர்கள் வாளியோடு இறங்கிய மனிதர்கள். மீனவர்கள், மாணவர்கள், கூலியாட்கள். அந்த வருடம் வந்த எந்தச் சூப்பர் ஹீரோ படத்திலும் அவ்வளவு பெரிய அணியை நான் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கற்பனை நாவல்களில் பேரழிவு வருங்காலத்தில் வரும். இங்கே வருங்காலம் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது.

அதனால்தான் இந்த மண்ணிலிருந்து அறிவியல் புனைகதை எழுதப்பட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு, அறிவியல் புனைகதைக்குத் தமிழ் மரபின் சிந்தனைகளிலிருந்தே கரு எடுக்க முடியும் என்று காட்டியது. மடோன் அஸ்வினின் 'மாவீரன்' 2023-ல் தரமற்ற அடுக்குமாடிக் குடியிருப்பையும் பயந்த சுபாவமுள்ள ஒரு படக்கதை ஓவியனையும் சேர்த்துச் சூப்பர் ஹீரோ கதை செய்தது. பாதை திறந்திருக்கிறது. ஆலைக்குள்ளிருந்து ஒரு நாவலும், குப்பத்திலிருந்து ஒரு தொடரும் இன்னும் வர வேண்டும்.

பிள்ளைகளிடம் நான் கொடுக்கும் கரு ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 27 காலை, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து தரைமட்டமானது. இருபத்து நான்கு வீடுகள். ஒருவரும் சாகவில்லை. விரிசலைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியேற்றியிருந்தார்கள். எந்த ஸ்டுடியோவும் இதைவிட நல்ல முதல் அத்தியாயத்தை எழுதிவிட முடியாது. இதில் சக்தி என்பது விரிசலைக் கவனிக்கும் கண். அதன் விலை, தன் கட்டில் பீரோவை விட்டுவிட்டு முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது. சண்டைக்குப் பிறகான வேலை, அந்தக் குடும்பங்கள் அன்றிரவு எங்கே படுத்தன, அடுத்த மாதம் எங்கே குடியேறின என்பது.

எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு என் யோசனைகள் சில. உன் நாயகிக்கு ஒரு சக்தி கொடு, ஒன்று போதும். அது எதில் ஓடுகிறது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல். எப்போது தீரும் என்று இரண்டாவதில் சொல். அவளுக்கு ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஒரு ஷிஃப்டும், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் ஒரு சக ஊழியரும் கொடு. வில்லனுக்கு எவருக்கும் நியாயமாகத் தோன்றும் ஒரு திட்டத்தைக் கொடு. மீன் ஏலம் போடும் ஆத்தாவிடம், பாய்லர் அட்டெண்டரிடம், கன்டெய்னர் லாரி டிரைவரிடம் போய் உட்கார்ந்து அவர்கள் வேலையைக் கேட்டு எழுது. அவர்களுக்குத் தெரிந்த அளவு இயந்திரம் எந்தக் கலைக்களஞ்சியத்துக்கும் தெரியாது. எழுதி முடித்ததும் என்னிடம் கொண்டு வா. அன்றிரவே படித்து, பிடிக்காதவை ஒரு பத்தி, நம்பாதவை ஒரு பத்தி, இரண்டையும் தனித்தனியாக எழுதித் தருகிறேன். உன் முதல் ரசிகனாக இருக்கும் வேலைக்கு நான் தயாராக இருக்கிறேன்.